சிறுமூளைத் தள்ளாட்டத்துக்கு எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன் இரண்டையும் சேர்த்து எடுப்பது: முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுமூளையையே தாக்குவதால் நடை தள்ளாடுகிறதா என்று பார்க்க, கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். இதற்கு ஆட்டோஇம்யூன் அட்டாக்ஸியா என்று பெயர். இவர்களில் பலருக்கு மூளை எம்ஆர்ஐயும் எஃப்டிஜி பெட் ஸ்கேனும் சேர்ந்தே தேவைப்படும். எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும். பெட், எந்த இடம் எவ்வளவு சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று காட்டும்; அதிகம் செலவழித்தால் பளிச்சென்றும், குறைந்தால் மங்கலாகவும் தெரியும்.

இரண்டையும் நல்ல கருவியில் எடுத்தும் பயன்படாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரிசை மாறியிருக்கும், அல்லது முன்தயாரிப்பு விட்டுப்போயிருக்கும். பயிற்சிக்கு வரும் டெக்னாலஜிஸ்டுகளுக்கும், இளம் மருத்துவர்களுக்கும், நோயாளியோடு வரும் வீட்டாருக்கும் இதுவரை வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதுகிறேன். எந்த மருந்தையும் நிறுத்துவதோ தொடங்குவதோ நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான்.

1. கேள்வி என்ன என்று முதலில் எழுதுங்கள்

"அட்டாக்ஸியா, பெட் எடுக்கவும்" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு படத்தைச் சரியாகத் திட்டமிட முடியாது. குறைந்தது இந்த விவரமாவது வேண்டும்: தள்ளாட்டம் எத்தனை நாளில் வந்தது? வாரக்கணக்கில் முற்றியதா, வருடக்கணக்கில் மெல்ல வந்ததா?

வாரங்களிலோ சில மாதங்களிலோ முற்றினால் ஆட்டோஇம்யூன் சந்தேகம் வலுக்கும். பல வருடமாக மெல்ல வந்தது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது, பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் என்றால் பரம்பரை வகையை முதலில் நினைக்க வேண்டும். அதற்காக மெதுவாக வந்ததெல்லாம் ஆட்டோஇம்யூன் ஆகாது என்று அடித்துவிடக் கூடாது. ஜிஏடி என்ற நொதியைத் தாக்கும் எதிர்ப்பொருளால் வருவதும் கோதுமைப் புரதத்தால் வருவதும் மெதுவாகவும் வரும்.

குடிப்பழக்கம், வலிப்புக்காகச் சாப்பிடும் ஃபெனிட்டாய்ன், லித்தியம், பி12 குறைவு, தைராய்டு குறைவு, கடும் வெப்பத் தாக்கு எல்லாமே சிறுமூளையைக் கெடுக்கக்கூடியவை. குடிப்பழக்கத்தைப் பற்றி, உடன் வந்தவர் முன்னால் கேட்டால் உண்மை வராது. தனியாக, மரியாதையாகக் கேளுங்கள்.

2. ஸ்கேனுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியவை

எதிர்ப்பொருள் பரிசோதனைக்கான ரத்தத்தை, ஐவிஐஜி எனப்படும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். அந்த மருந்து பலருடைய ரத்தத்திலிருந்து திரட்டியது. அதிலேயே ஜிஏடி எதிர்ப்பொருள் கொஞ்சம் இருக்கலாம். ஏற்றிய பின் எடுத்த ரத்தத்தில் இல்லாத நோய் இருப்பதுபோல் காட்டும். பிறகு அந்தத் தவறான முடிவை வைத்துக்கொண்டுதான் படத்தையும் படிப்போம்.

கோதுமை விஷயத்தில் வீட்டார் அவசரப்படுகிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தால், எதிர்ப்பொருள் அளவு இறங்கிப்போய் நோய் தப்பிவிடலாம். ரத்தம் எடுக்கும்வரை வழக்கமான சாப்பாடே இருக்கட்டும். பின்னால் கோதுமையை விலக்கச் சொன்னால், கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தின் பொட்டலத்தையும் படித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். இட்லி, தோசை சாப்பிட்டுக்கொண்டு பத்தியம் சரியாக இருப்பதாக நினைப்பவர்கள் சாம்பாரில் தவறுவது இப்படித்தான்.

நடையை அளந்து வைப்பது அடுத்தது. சாரா என்ற அளவுகோலில் நடை, நிற்பது, உட்காருவது, பேச்சு, கை கால் ஒத்திசைவு என 8 வகைச் சோதனை. மொத்தம் 40 புள்ளி. புள்ளி ஏற ஏற நோய் கடுமை. ஸ்கேன் எடுக்கும் அதே வாரத்தில் இதையும் போட்டு, நடப்பதை ஒரு நிமிட வீடியோவாகவும் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து "படம் கொஞ்சம் தேறியிருக்கிறது" என்றால், ஆளும் தேறினாரா என்று ஒப்பிட இதுதான் இருக்கும்.

சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகளின் முழுப் பட்டியல், இளம் பெண்களுக்குக் கர்ப்பம் இல்லை என்ற உறுதி ஆகியவையும் கையில் இருக்கட்டும்.

3. எம்ஆர்ஐ முதலில், முதுகுத் தண்டு நீர் அப்புறம், பெட் அதையொட்டி

எம்ஆர்ஐ முதலில் வருவதற்குக் காரணம் பாதுகாப்பு. சிறுமூளையில் கட்டியோ வீக்கமோ இருந்து, அதைப் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் ஆபத்து. தவிர, நீர் எடுத்த பிறகு மூளை உறை சாய மருந்தை அதிகம் வாங்கிப் பளிச்சென்று தெரியலாம். அதை அழற்சி என்று தவறாகப் படிக்க இடமுண்டு.

எம்ஆர்ஐக்கும் பெட்டுக்கும் நடுவே ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன். வேகமாக முற்றும் நோயில் இரண்டு மாத இடைவெளியில் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், இரண்டு வேறு நிலைகளை ஒன்றாகப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

ஸ்டீராய்டு பற்றி எல்லோரும் கேட்பார்கள். முடிந்தால் ஸ்டீராய்டுக்கு முன் பெட் எடுப்பது நல்லது. அது அழற்சியை அடக்கும், சர்க்கரையை ஏற்றும், லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் ஒளிந்திருந்தால் அதையும் மங்கச் செய்யும். ஆனால் நாளுக்கு நாள் மோசமாகிறவரைப் பெட் தேதிக்காகக் காக்க வைக்காதீர்கள். சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. படம் கொஞ்சம் குறைபட்டாலும் சரி, சிகிச்சை தொடங்கட்டும். எந்தத் தேதியில் எந்த அளவு மருந்து தொடங்கியது என்பதைச் சீட்டில் எழுதினால் போதும், படிப்பவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

4. எம்ஆர்ஐ அறையில்

தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாணில் கோத்த வெள்ளித் தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்கும் அம்மாக்களுக்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் சங்கடம் இருக்காது. பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, பழைய அறுவையில் வைத்த கிளிப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

இந்த நோயாளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. உதவி வேண்டுமென்றால் அழுத்தச் சொல்லி ரப்பர் பந்து ஒன்றைக் கையில் கொடுப்போம். கை ஒத்திசைவு கெட்டவரால் அதைச் சரியாக அழுத்த முடியாமல் போகலாம், பேச்சும் குழறும். எந்தக் கை கொஞ்சம் நன்றாக இருக்கிறதோ அதில் கொடுத்து, மேசை உள்ளே போவதற்கு முன் இரண்டு முறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் எச்சில் புரையேறுகிறதா என்றும் பாருங்கள். தலை ஆட்டம் இருந்தால் இரு பக்கமும் பஞ்சு மெத்தை வைத்து, முக்கியமான வரிசைகளை, அதாவது எம்ஆர்ஐயின் படத் தொகுப்பு வகைகளை, முதலில் எடுத்துவிட வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் அவர்களால் அசையாமல் இருப்பது கடினம்.

எந்த வரிசைகள்? ஒரு மில்லிமீட்டர் தடிமனில் முப்பரிமாண டி1 கட்டாயம். பெட் படத்தை இதன்மேல்தான் வைக்கப்போகிறோம். அப்புறம் ஃப்ளேர், டி2, டிஃப்யூஷன், ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்டபிள்யூஐ, கடைசியில் சாய மருந்து ஏற்றி டி1. பின்மூளைப் பகுதியில் ஃப்ளேர் சில புண்களைத் தவறவிடும் என்பதால் டி2வை விடக் கூடாது. வசதி இருந்தால் சாயத்துக்கு முன்பே, சிறுமூளையின் நடுப் பகுதியான வெர்மிஸில், வேதிப்பொருள்களை அளக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் எடுக்கலாம். என்ஏஏ என்ற பொருள் அங்கே குறைந்திருந்தால் நரம்பு செல்கள் நலிந்திருக்கின்றன என்று பொருள். கோதுமை வகையில் பத்தியம் பலிக்கிறதா என்று தொடர்ந்து பார்க்க இது உதவியிருக்கிறது.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, படத்தின் கீழ் எல்லையை மேலேயே நிறுத்திவிடுவது. மூளை முழுவதும் வந்துவிட்டதாக நினைப்பார்கள்; சிறுமூளையின் அடி வெட்டுப்பட்டிருக்கும். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகள் படத்தில் தெரிகிற அளவுக்கு இறக்கி எடுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ஃபிலிமைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். டைகாம் எனும் கணினிக் கோப்பு வடிவில் சிடி தட்டு கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்கேனையும் இணைக்க முடியாது.

5. பெட் கோரிக்கையில் "மூளையும் சேர்த்து" என்று இருக்கிறதா?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவு வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான "முழு உடல் பெட்" மண்டையோட்டின் அடியிலிருந்து தொடையின் நடுவரைதான். புற்றுநோய்க்காக வகுத்த எல்லை அது. பெயரில் முழு உடல் இருந்தாலும் சிறுமூளை அதில் முழுமையாக இருக்காது.

நடக்கவே முடியாத ஒரு அம்மாவை அவருடைய மகன், வேறொரு மையத்தில் எடுத்த பெட்டோடு எங்களிடம் கூட்டி வந்தார். கடன் வாங்கி எடுத்த ஸ்கேன். கோப்பைத் திறந்தால் படம் தாடைக்குக் கீழே தொடங்கியது. மூளைக்காக மறுபடி ஊசி போட வேண்டியதாயிற்று. அந்த மகனிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அதனால் சீட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்: மூளைக்கென்று தனிப் பெட், கூடவே உடல் பெட். ஒரே ஊசியில் இரண்டும் எடுக்கலாம். மூளைக்குக் கை கீழே, உடலுக்குக் கை தலைக்கு மேலே என்பதால் இரண்டு தனிப் படங்களாகவே எடுக்க வேண்டும்.

கடலூர்க்காரர்கள் இன்னொன்றும் விசாரிக்க வேண்டும். கையில் இருப்பது தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை, வருவது புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கு. அந்த அட்டை அந்த மருத்துவமனையில் இந்த ஸ்கேனுக்குச் செல்லுமா என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

6. பெட் நாள்: சர்க்கரையும் நேரமும்

எஃப்டிஜி என்பது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மாதிரி. ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை அதிகம் இருந்தால், மூளைக்குள் போக இரண்டும் போட்டி போடும், படம் மங்கிவிடும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். "ஒரு வாய் டீதானே", "இளநீர்தானே" என்று சொல்லி வருகிறவர்கள் உண்டு. இளநீரிலும் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் தேதியை மாற்றுவது நல்லது. மூளைப் படத்துக்கு 160க்குக் கீழ் இருந்தால் நிம்மதி.

இந்த நோயில் இது சும்மா ஒரு விதி இல்லை. ஜிஏடி எதிர்ப்பொருளால் தள்ளாட்டம் வந்தவர்களில் பலருக்கு முதல் வகை நீரிழிவும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரை ஏறிவிட்டதே என்று வாசலில் வைத்து இன்சுலின் போட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். இன்சுலின் எஃப்டிஜியைத் தசைக்குத் தள்ளிவிடும். மூளைக்குக் கிடைப்பது குறையும். வேகமாக வேலை செய்யும் இன்சுலினுக்கும் எஃப்டிஜி ஊசிக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். அதே சமயம், முதல் வகைக்காரர் இன்சுலினை அறவே நிறுத்திவிட்டு வருவதும் ஆபத்து. எந்த ஊசியை எவ்வளவு, எத்தனை மணிக்குப் போடுவது என்று சர்க்கரை மருத்துவரிடம் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மெட்ஃபார்மின் குடலைப் பளிச்சென்று காட்டி வயிற்றுப் படத்தை மறைக்கும் என்பதால், அதை இரண்டு நாள் நிறுத்தலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

எஃப்டிஜியின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். உங்கள் பெயருக்கு வந்த மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. கடலூரிலிருந்து வருகிறவர்கள் ரெட்டிச்சாவடி, அரியாங்குப்பம் வழியாக ஊருக்குள் நுழைவதோடு பயணம் முடிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேடு ஊரின் மறுபக்கம், திண்டிவனம் சாலையில் இருக்கிறது. நகரத்தைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கிளம்புங்கள். முடிந்தால் பேருந்தில் நின்றுகொண்டு வர வேண்டாம். தள்ளாடுகிறவர் கம்பியை இறுக்கிப் பிடித்தே வந்தால், கை, தோள் தசை எல்லாம் எஃப்டிஜியை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு போர்வையும் எடுத்து வாருங்கள். ஏசி குளிரில் கழுத்துப் பக்கக் கொழுப்பு பளிச்சென்று தெரிந்து, நெறிக்கட்டியோ என்று குழப்பும்.

7. ஊசிக்குப் பின் அரை மணி நேரம்

இந்த நேரத்தில் மூளை என்ன செய்கிறதோ அதுதான் படமாகும். விளக்கைக் குறைத்த, சத்தமில்லாத அறையில் சாய்ந்து படுக்க வையுங்கள். பேச்சு வேண்டாம், போன் வேண்டாம். "ஐயா, ஒண்ணும் யோசிக்காதீங்க, சும்மா படுத்திருங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று ஒருமுறை சொன்னாலே பதற்றம் பாதி குறையும்.

ஊசிக்கான குழாயை ஆட்டம் குறைவாக உள்ள கையில் போடுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் அளவெல்லாம் கெட்டுவிடும். தூக்க மருந்து தேவைப்பட்டால் ஊசிக்கு முன் கொடுக்கக் கூடாது. அது மூளையின் சர்க்கரைச் செலவையே குறைக்கும். எஃப்டிஜி உள்ளே போய் அரை மணி கழிந்த பிறகு, படத்துக்குச் சற்று முன் கொடுக்கலாம். குளோனஸிபாம், ஃபெனிட்டாய்ன் போன்றவற்றைத் திடீரென நிறுத்த முடியாது. ஃபெனிட்டாய்ன் சிறுமூளையை மங்கலாகக் காட்டும் என்பதால் பெயரும் அளவும் சீட்டில் இருக்க வேண்டும்.

படத்துக்கு முன் சிறுநீர் கழிக்கத் தனியாக அனுப்பாதீர்கள். விழுந்தால் ஸ்கேன் போகட்டும், எலும்பும் போய்விடும்.

ஏறத்தாழ 45வது நிமிடத்தில் மூளையைப் பத்து நிமிடம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆனதும் உடலுக்குப் போகலாம்.

8. இரண்டு படங்களையும் இணைப்பது

முதலில் பெட்டும் அதோடு எடுத்த சிடி ஸ்கேனும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சிடி ஸ்கேன் எடுத்த பின் தலை கொஞ்சம் திரும்பியிருந்தால், ஒரு பக்கச் சிறுமூளை பொய்யாக மங்கித் தெரியும். தலை ஆடும் நோயாளியில் இது அடிக்கடி நடக்கும். அதைச் சரிசெய்யாமல் எம்ஆர்ஐமேல் வைத்தால் பிழை அழகாகத் தெரியுமே தவிர, போகாது. பொருந்திய பிறகு முப்பரிமாண டி1மேல் வைத்து, மூளைத்தண்டின் ஓரம், சிறுமூளைக்கு முன்னால் நீர் நிறைந்திருக்கும் நான்காம் வென்ட்ரிக்கிள் ஆகிய இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று கண்ணால் சரிபாருங்கள். மென்பொருள் "முடிந்தது" என்று சொன்னால் போதாது.

அடுத்ததுதான் அனுபவசாலிகளும் சறுக்கும் இடம். மூளைப் பெட்டை அளக்கும் மென்பொருள்கள் சிலவற்றில், ஒப்பிடுவதற்கான அடிப்படைப் பகுதியாகச் சிறுமூளையே அமைந்திருக்கும். மறதி நோயில் சிறுமூளை பெரும்பாலும் கெடாமல் இருப்பதால் அப்படி வைத்தார்கள். இங்கே கெட்டிருப்பதே சிறுமூளை. சிறுமூளை மங்கியிருக்க, அதையே அளவுகோலாக வைத்தால் அது இயல்பாகத் தெரியும். பெருமூளை முழுவதும் பொய்யாக ஜொலிக்கும். அடிப்படைப் பகுதியை, மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸுக்கோ முழு மூளைச் சராசரிக்கோ மாற்றுங்கள். பான்ஸும் சுருங்கும் எம்எஸ்ஏ என்ற நோயில் சந்தேகம் இருந்தால் முழு மூளைச் சராசரியே மேல். எதை வைத்து அளந்தீர்கள் என்று அறிக்கையிலும் எழுதுங்கள்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஆரோக்கியமான சிறுமூளையே பெருமூளைப் புறணியைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், வெர்மிஸ் இன்னும் மங்கல். முதல்முறை பார்ப்பவர் இதையே நோய் என்று சொல்லிவிடுவார். அதே வயது ஆரோக்கியமானவர்களின் படங்களோடு ஒப்பிடாமல் வாயைத் திறக்காதீர்கள்.

9. சேர்த்துப் படிப்பது

எம்ஆர்ஐ இயல்பு, பெட்டில் சிறுமூளை பளிச்சென்று இருக்கிறது: அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கலாம். ஆரம்ப வாரங்களில் இப்படிக் கிடைப்பதுண்டு. உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அறிக்கை தட்டச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

எம்ஆர்ஐ இயல்பு, பெட் மங்கல்: சுருக்கம் வருவதற்கு முன்பே வேலை குறைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுப்பதன் பெரிய பலன் இதுதான். எம்ஆர்ஐ மட்டும் எடுத்திருந்தால் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இரண்டிலும் கெட்டிருந்தால் கவனம் தேவை. சுருங்கிய சிறுமூளையின் மடிப்புகள் மெலிந்து இடையே நீர் நிற்கும். பெட்டின் கூர்மை அதைப் பிரித்துப் பார்க்கப் போதாது என்பதால், இருக்கும் திசு உண்மையைவிட மங்கலாகத் தெரியும். சுருக்கத்தின் அளவுக்கு மட்டும் மங்கலா, அதைத் தாண்டியும் மங்கலா என்று எம்ஆர்ஐயை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மிகவும் முற்றியதாகத் தெரிந்தாலும் "இனி பயனில்லை" என்ற சொல் படம் பார்க்கும் அறையிலிருந்து வெளியே போகக் கூடாது. அது சிகிச்சை தருபவர் சொல்ல வேண்டியது.

ஒரு பக்கம் மட்டும் மங்கலா? எதிர்ப்பக்கப் பெருமூளையைப் பாருங்கள். அங்கே பழைய பக்கவாதம் இருந்தால், தொடர்பு அறுந்ததாலேயே இந்தப் பக்கச் சிறுமூளை மங்கும். வெர்மிஸின் மேல் முன்பகுதி மட்டும் சுருங்கியிருந்தால் குடியை நினையுங்கள். பான்ஸில் சிலுவைபோல் வெள்ளைக்கோடு தெரிந்தால் எம்எஸ்ஏவை நினையுங்கள், ஆனால் அது மட்டுமே அந்த நோய்க்கு முத்திரை அல்ல.

இந்தப் படங்கள் எதுவும் தனியாக "ஆட்டோஇம்யூன்" என்று பெயர் சூட்டாது. எதிர்ப்பொருள், முதுகுத் தண்டு நீர், நோய் வந்த வேகம் இவற்றோடு சேர்ந்துதான் பேசும்.

10. உடல் பெட்டில் தேடுவது

சில எதிர்ப்பொருள்கள் எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுநோய்க்கு எதிராகக் கிளம்பி, வழியில் சிறுமூளையைத் தாக்குபவை. எதிர்ப்பொருள் எதுவோ, அதற்கேற்பத் தேடுங்கள். யோ என்றால் மார்பகமும் சூலகமும், ஹூ என்றால் நுரையீரல், டிஆர் என்றால் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, கேஎல்எச்எல்11 என்றால் ஆண்களின் விதைப்பை. பெட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் யோவுக்கு மேமோகிராமும் இடுப்புப் பரிசோதனையும், கேஎல்எச்எல்11க்கு விதைப்பை அல்ட்ராசவுண்டும் விடக் கூடாது. சிறிய கட்டி பெட்டில் தப்பும்.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சூலகம் இயல்பாகவே பளிச்சென்று தெரியும் நாட்கள் உண்டு. அவசரமில்லை என்றால் மாதவிடாய் தொடங்கிய முதல் வாரத்தில் தேதி கொடுங்கள். தைராய்டு முழுவதும் சீராகப் பளிச்சென்றிருந்தால் அது தைராய்டு அழற்சியாக இருக்கலாம். ஆட்டோஇம்யூன் உடல்வாகுக்கு இன்னொரு குறிப்பு என்பதால் அதையும் எழுதுங்கள்.

புற்றுநோயோடு வலுவாகத் தொடர்புள்ள எதிர்ப்பொருள் இருந்து முதல் தேடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால், 2021இல் வந்த திருத்திய வழிமுறைப்படி நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் தேட வேண்டும். "ஒருமுறை எடுத்தாச்சு, ஒன்றுமில்லை" என்று வீட்டார் விட்டுவிடுவது இங்கேதான். அடுத்த தேதியை அன்றே காலண்டரில் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

11. மறுபடி எடுக்கும்போது

அதே கருவி, அதே அளவு மருந்து, ஊசிக்கும் படத்துக்கும் அதே இடைவெளி, ஏறத்தாழ அதே சர்க்கரை. இதில் ஏதாவது மாறினால் படத்தில் தெரியும் மாற்றம் நோயின் மாற்றமா, முறையின் மாற்றமா என்று சொல்ல முடியாது. முதல் ஸ்கேனின் சிடி தட்டையும் சாரா புள்ளிகளையும் ஒரே உறையில் போட்டு, மேலே தேதியையும் அன்றைய சர்க்கரை அளவையும் எழுதி வையுங்கள். மறுமுறை வரும்போது அந்த உறையை முதலில் நீட்டுங்கள், சீட்டு அப்புறம்.